ஒன்பதாம் ரீலின் வலது ஓரம்

இலங்கையில் பதுளைக்குப் போய் வந்த ஆறு நாட்களில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்புத்தளைக்கு அப்பால் தண்டவாளத்தில் மண் சரிந்து, ரயில் நின்றுவிட்டது.
2. பஸ்ஸில் யாரோ என் மடியில் ஒரு கோவாவை வைத்தார்கள். முட்டைகோஸுக்கு அங்கே அதுதான் பெயர்.
3. ஒரு ராணுவச் சிப்பாய் தன் கல்யாண வீடியோவைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார்.
4. எங்கள் லேபின் முதல் விதியை நானே மீறினேன்.
5. பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றின் மேல் ஒரு பெண் தோன்றினாள்.
6. முப்பது வருஷச் சண்டை ஒன்று முடிந்தது. அடுத்த நிமிடம் அதே இடத்தில் வேறொன்று தொடங்கியது.
7. பதினெட்டு ரொட்டி சாப்பிட்டேன். இது வரிசையில் அடங்காது, எல்லா நாளும் பரவலாக நடந்தது.

என் வேலையைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். சென்னையில் ஒரு சின்ன லேபில் பழைய அகலத்திரைப் படங்களைப் புதுப்பிக்கிறோம். நெகட்டிவை ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்து, கீறலையும் தூசியையும் நீக்கி, வெளுத்த நிறத்தைத் திரும்ப ஏற்றி, வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்க்கும் ப்ளூ-ரே தட்டாக மாற்றுவோம். 2008இல் அந்தத் தட்டு ஊருக்குப் புதிது. எழுபதுகளில் வந்த ஒரு சினிமாஸ்கோப் படம் அப்போது எங்கள் கையில் இருந்தது. ஒப்பந்தப்படி அதன் பெயரை நான் எழுதக்கூடாது, ஆகவே அந்தப் படம் என்றே சொல்கிறேன். பதினாறு ரீல். பதினைந்து நன்றாக இருந்தன. ஒன்பதாவது டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நெகட்டிவ், நனைந்து காய்ந்த அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக் கிடந்தது.

மாற்றாக எங்களிடம் இருந்தது தொண்ணூறுகளில் டி.வி.க்காக எடுத்த ஒரு டேப்தான். சதுரமான டி.வி.யை நிரப்புவதற்காக அதில் படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

எங்கள் முதலாளிக்கு அந்த வெட்டில் பெரிய வருத்தமில்லை. "வாங்குறவன் போன் பண்றான்மா. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருது, டி.வி. ரிப்பேரான்னு கேக்குறான்" என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒன்பதாம் ரீல் எங்காவது முழுசாகக் கிடைத்தால் படம் முழு அகலத்தில் வெளிவரும். கிடைக்காவிட்டால், நடுவில் ஒரு ரீல் மட்டும் குறுகினால் அசிங்கமாக இருக்கும் என்பதால், பதினாறு ரீலையும் ஓரம் வெட்டிவிடுவோம். பதுளையில் மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டரில் பழைய பிரதி இருப்பதாகத் தகவல் வந்தது. போவதற்கு நான் கை தூக்கினேன்.

பையில் இருந்தவை: பருத்திக் கையுறை மூன்று ஜோடி, பூதக்கண்ணாடி, ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்கும் கருவி, ஒட்டு டேப், லேப்டாப், ஸ்வெட்டர் இரண்டு. இவற்றில் அதிகம் உதவியது ஸ்வெட்டர்.

வியாழக்கிழமை மதியம் ரயில் அப்புத்தளை ஸ்டேஷனில் நின்றது. மேலே போகாது என்று தெரிந்ததும் யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் இதற்குள் நான்கு பேர் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றியிருப்பார்கள். இங்கே ஒருவர் ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்து, "மழ சரியாத்தான் பெஞ்சிருக்கு" என்றார், பாராட்டுவது போல. நான் இறால் வடை வாங்கினேன். வடையைச் சுற்றியிருந்தது பள்ளிக்கூடக் கொப்பித் தாள். வகுத்தல் கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. சரிபார்த்தேன். விடை தப்பு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த அரை நிமிடத்தில் கோவா வந்தது.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் புடிங்க. வளைவுல உருண்டு போயிரும்." ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. பெயர் பாக்கியம். பதுளை ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறவர். பின் சீட்டில் அவருடைய புருஷனின் அக்கா அஞ்சலை, அதே ஆஸ்பத்திரிக்கு, அதே மாத்திரைக்கு. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற ஒரே வரிசைக் குடியிருப்பில், சுவருக்குச் சுவர் ஒட்டின வீட்டில் இருக்கிறார்கள் என்பதை முதல் வளைவு முடிவதற்குள் தெரிந்துகொண்டேன்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று பாக்கியம் கேட்டார். சொன்னேன். எந்தப் படம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கோவாவை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பேச்சு முக்கியமாகப் போகிறது என்பது போல.

"அந்தப் படத்துல நான் நடிச்சிருக்கேன்."

"தொடங்கிட்டா" என்றது பின் சீட்டு.

"பதினெட்டு வயசு எனக்கு. எங்கப்பாகூட தலைமன்னார்ல கப்பலேறி திருச்சிக்குப் போனேன், சொந்தக்காரங்களப் பாக்க. பக்கத்துல ஒரு சின்ன ஸ்டேஷன்ல சூட்டிங். வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தவள ஒரு ஆளு கையப் புடிச்சு இழுத்து, இங்கன நில்லுன்னாரு. கதாநாயகியம்மா ரயில வுட்டுட்டு அழுதுக்கிட்டே வந்து, எங்கிட்டப் பேசி, அவங்க கொடைய எங்கையில குடுக்குறாங்க. நானும் ஒரு வார்த்த பேசுறேன்."

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க" என்று அஞ்சலை என் தோளுக்கு மேலே முகத்தைக் கொண்டுவந்தார். "அந்தப் படம் பதுளைக்கு வந்தப்ப இவ பேச்சக் கேட்டு ஒரு லொறி ஆளு போனோம். அந்தம்மா புருசன் போன சோகத்துல புத்தி கலங்கி தன்னால பேசுது. கொடையத் தூக்கி எறியுது. இவ இல்ல. இவ நெழலு கூட இல்ல. நான் நாலு தடவ பாத்தேன்."

"ஏன் மதினி நாலு தடவ பாத்தீங்க?"

"நீ இருக்கியான்னுதான்."

அன்றிலிருந்து காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கங்காணி 'சினிமா பாக்கியம்' என்றுதான் கூப்பிடுகிறாராம். கொழுந்துக் கூடையோடு நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்களாம். அந்தக் கங்காணி ஓய்வு பெற்று, அடுத்தவர் வந்து, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் ஓய்வு பெறவில்லை. பாக்கியம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கோவாவின் மேல் இலையை ஓரம் ஓரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியை எங்கள் டேப்பில் நான் பார்த்திருக்கிறேன். நாயகி வெறும் காற்றோடுதான் பேசுகிறாள். டேப்பில் ஓரம் வெட்டுப்பட்டது உண்மை. ஆனால் பதுளையில் ஓடியது டேப் இல்லை, சினிமாஸ்கோப் பிரதி. அதில் வெட்டு விழ வழியில்லை. ஆகவே, தொழில் தெரிந்தவள் என்ற முறையில், பாக்கியம் சொல்வது உண்மையாக இருக்க முடியாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதுளைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. யுத்த காலம், எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். சிப்பாய் என் பையில் பூதக்கண்ணாடியையும் வெள்ளைக் கையுறையையும் அளக்கும் கருவியையும் வரிசையாக எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு சிங்களம் தெரியாது. பாக்கியம் முன்னால் வந்து ஏதோ சொன்னார். சிப்பாயின் முகம் மாறியது. அவர் கேட்டதைப் பாக்கியம் தமிழில் சொன்னார்: "நீங்க நோயாளிப் படத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்னு சொன்னேன். அவரு கல்யாண வீடியோவுல பொண்ணு மூஞ்சி பச்சையா இருக்காம், சரியாகுமான்னு கேக்குறாரு."

ஆகும் என்றேன். சிப்பாய் என் பொருட்களைத் தானே திரும்ப அடுக்கித் தந்தார், நான் அடுக்கியதைவிட நன்றாக.

வெள்ளிக்கிழமை காலை தியேட்டர். பஜாரில் பிளாஸ்டிக் வாளிக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே இருக்கிறது. தேயிலைப் பெட்டி அடுக்கும் ஸ்டோராகக் கட்டியதைப் பிறகு தியேட்டராக மாற்றியிருக்கிறார்கள். நீளம் இருக்கிறது, அகலம் இல்லை. ரயில் பெட்டிக்குள் நிற்பது போல இருந்தது. முதலாளி ஹாஜியார் பக்கத்தில் ஜவுளிக் கடையும் வைத்திருக்கிறார்.

"வாங்க மகள். ரீல் ஈக்கி. பத்திரமா ஈக்கி. ஜும்ஆ முடிச்சிட்டு வாறன், அதுவரைக்கும் பியதாசவோட பேசிட்டிருங்க."

பியதாச அங்கே முப்பத்தைந்து வருஷமாக ஆபரேட்டர். சிங்களவர். தமிழைப் படம் ஓட்டியே கற்றுக்கொண்டவர், அதுவும் பழைய படங்கள். அறைக் கதவைத் திறந்து, "வாருங்கள் அம்மா. இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள்?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, "அமருங்கள். அருந்துவதற்கு என்ன வேண்டும்?" என்றார். பிளேன்டீ கொண்டுவந்தார். பால் இல்லாத, சாயம் கனத்த, இஞ்சி தட்டிய தேநீர். எங்கள் ஊர்க் கடையில் தேயிலையைப் பாலுக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று குடித்தேன்.

தியேட்டர் மூடி வருஷங்கள் ஆகியும் வாரம் ஒருமுறை மெஷினுக்கு எண்ணெய் போடுகிறார். விளக்குக்கு வேண்டிய கார்பன் குச்சி இரண்டே ஜோடி மிச்சம் இருந்தது. மெஷினைக் கழற்றிக் காட்டியபோது, ஃபிலிமுக்கு முன்னால் ஒளி போகிற சட்டத்தில் ஒரு தகரத் துண்டைப் பார்த்தேன். பிஸ்கட் டின்னிலிருந்து வெட்டியது. அரத்தால் ராவி, நடுவில் ஓட்டை போட்டிருந்தது. சினிமாஸ்கோப்புக்கு இருக்க வேண்டிய ஓட்டையைவிட மிகவும் குறுகல்.

"இது என்ன?"

"அது ஒரு சோகக் கதை அம்மா."

கதை இதுதான். முதல் சினிமாஸ்கோப் படம் வந்தபோது அகலம் முழுவதும் திரைக்குள் அடங்கும்படி படத்தைச் சின்னதாக்கி ஓட்டியிருக்கிறார். திரையில் மேலேயும் கீழேயும் வெறுமையாக நின்றது. அரைத் திரைக்கு முழு டிக்கெட்டா என்று ஜனங்கள் தோடம்பழத் தோலை, அதாவது ஆரஞ்சுத் தோலை, எறிந்தார்கள். அடுத்த காட்சிக்கு லென்ஸை மாற்றி, உயரம் நிரம்பும்படி பெரிதாக்கினார். இப்போது இரண்டு ஓரமும் திரைக்கு வெளியே சுவரில் விழுந்தன. இடப் பக்கம் பெண்கள் கழிவறைக் கதவு, வலப் பக்கம் தீயணைக்கும் மண் வாளிகள். கதவு திறக்கும்போதெல்லாம் வில்லன் முகம் இரண்டாக மடிந்தது. ஆகவே பிஸ்கட் டின்னை வெட்டி ஓரங்களை மறைத்துவிட்டார். அன்று முதல் பதுளையில் ஓடிய எல்லா சினிமாஸ்கோப் படமும் அந்தத் தகரத்தின் வழியாகத்தான் வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. யாரும் கேட்கவில்லை. திரை நிரம்பியிருந்தது.

என் முதலாளிக்குப் போன் செய்யும் அதே வாடிக்கையாளர்கள் எழுபதுகளில் பதுளையில் தோல் எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. வலது ஓரம். குடையை வாங்கிக்கொள்ளும் கை.

ஒன்பதாம் ரீலைக் கேட்டேன். பியதாச டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். திறந்து முகர்ந்தேன். வினிகர் இல்லை. கையுறை போட்டு, சுருட்டும் மேசையில் வைத்து, விளக்குப் பெட்டிக்கு மேலே மெதுவாகப் பிரித்தேன். சுருக்கம் எல்லைக்குள் இருந்தது. நிறம் மட்டும் வெளுத்து எல்லாம் ரோஜா நிறமாகியிருந்தது. பிரித்துக்கொண்டே போனதில் ரயில் நிலையம் வந்தது. பூதக்கண்ணாடியை வலது ஓரத்தில் வைத்தேன்.

ஒரு பெண் நின்றாள்.

பாக்கியம்தானா? சினிமாஸ்கோப் ஃபிலிமில் படம் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும், லென்ஸ்தான் அதை விரித்துக் காட்டும். ஆகவே அதில் எல்லோரும் அகர்பத்தி மாதிரி இருந்தார்கள். பாக்கியம் பஸ்ஸில் சொன்ன அடையாளங்களை நோட்டில் எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தாவணி: சரி.
தாவணி மஞ்சள்: தெரியவில்லை, எல்லாமே ரோஜா.
இடது கையில் தூக்குச் சட்டி: சரி.
இரட்டைச் சடையில் ஒன்றில் மட்டும் ரிப்பன்: சரி.
முகம்: இவ்வளவு சின்ன ஃப்ரேமில், இவ்வளவு ஒல்லியில், சொல்ல முடியாது.

ஐந்தில் மூன்று. லேபில் நான் இதை வைத்து எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு யாராவது பெண்ணாக இருந்துவிட்டால், நான் வாய் திறந்ததனால் பாக்கியம் இரண்டாவது தடவையும் ஒரு லொறி ஆட்களுக்கு முன்னால் பொய்க்காரி ஆவார். வாயை மூடிக்கொண்டேன்.

ஹாஜியார் தொழுதுவிட்டு வந்தார். ரீலைத் தருவதில் அவருக்குத் தடையில்லை. ஒரே நிபந்தனை. "போறதுக்கு முந்தி எங்கட தியேட்டர்ல ஒரு தரம் ஓடணும் மகள். இங்க வந்த படம் ஒண்டும் சத்தமில்லாமப் போனதில்ல."

எங்கள் லேபின் முதல் விதி: உலகத்தில் ஒரே பிரதி என்றால் அதை மெஷினில் ஓட்டாதே. ஒரு பல் சக்கரம் தவறிக் கடித்தால் போதும், ஃபிலிம் கிழிந்துவிடும். பத்து நிமிடக் காட்சி போனால் பதினாறு ரீலின் ஓரமும் போகும். விதியை ஹாஜியாரிடம் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அவர் தெளிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, எனக்கே ஆச்சரியமாக, "மூன்று நிமிடம் மட்டும். ரயில்வே ஸ்டேஷன் காட்சி மட்டும். தகரத்தை எடுத்துவிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆணை" என்றார் பியதாச.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். பதுளையிலிருந்து ஒரு மணி நேரம், கடைசி இரண்டு மைல் நடை. பாக்கியம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ரொட்டி தட்டினார். தேங்காய்ப்பூ போட்ட கனத்த ரொட்டி, கட்டைச் சம்பல். சம்பலில் மிளகாயைத் தவிர வேறென்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, நாக்கு அதற்குமுன் வேலை நிறுத்தம் செய்துவிட்டது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிவிடும், எங்களுக்கு டஸ்ட்தான் என்றார். அந்த டஸ்டுக்கே நான் கிறங்கிப் போயிருந்தேன்.

நாளை காலை பத்து மணிக்குத் தியேட்டருக்கு வரச் சொன்னேன்.

"நான் வரல புள்ள."

"மூணு நிமிஷம்தான் அக்கா."

"ஒரு தடவ லொறி நெறைய ஆள ஏத்திக்கிட்டுப் போனது போதும். எங்கப்பா அன்னிக்குத் திரும்பி வர்றப்ப லொறியில ஏறல. நடந்தே வந்தாரு. மகளப் பத்திப் பேசறதக் கேக்க முடியாம."

 ஃபிலிமில் பார்த்ததை நான் சொல்லக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. அந்த வீடுகளில் சுவர் பேச்சை மறைப்பதில்லை.

"வரமாட்டா தங்கச்சி. வந்தா மாட்டிக்குவாள்ல."

பாக்கியம் ரொட்டிக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கினார். "எத்தன மணிக்குன்னு சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தது. நாற்பது பேர். மூன்று நிமிடப் படத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹாஜியார் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கல்யாண வீடு மாதிரி வரவேற்றார். நான் மெஷினின் பல் சக்கரங்களை மூன்று தடவை துடைத்தேன். பியதாச நான்காவது தடவை துடைத்தார்.

கார்பன் பற்றிக்கொண்டது. தகரம் இல்லாத சட்டத்தின் வழியே ஒளி போனது. நான் ஃபிலிம் ஓடுகிற பாதையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன், கிழிந்தால் நிறுத்த வேண்டும். ஆகவே முதலில் எனக்குச் சத்தம்தான் வந்தது. ரயில் விசில். பிறகு கூட்டத்தில் ஒரு சலசலப்பு. படம் திரைக்கு வெளியே வழிந்துவிட்டது. இடது ஓரம் கழிவறைக் கதவில், வலது ஓரம் மண் வாளிகளின் மேல். ரயில் கதவிலிருந்து புறப்பட்டு வாளி வரை போனது.

"வாளியில யாரோ இருக்காங்க" என்றது ஒரு குரல்.

ஹாஜியார் துணிக்கடைக்காரர் அல்லவா. அவர் அக்குளில் ஒரு புது பெட்ஷீட் இருந்தது, எதற்காகக் கொண்டுவந்தாரோ. இரண்டு பேர் ஓடிப்போய் அதை வாளிகளுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்கள். பூப்போட்ட பெட்ஷீட். பூக்களுக்கு நடுவே ஒரு பெண் நின்றாள். லென்ஸ் அவளை விரித்திருந்தது. கன்னம், நெற்றி, கொஞ்சம் தெற்றின முன்பல். நாயகி அழுதுகொண்டே வந்தாள். குடையை நீட்டினாள். முப்பது வருஷமாக ஊவா மாகாணம் முழுக்கத் தூக்கி எறியப்பட்ட குடை, திரையைத் தாண்டிப் போய், பெட்ஷீட்டில் நின்ற பெண்ணின் கையில் சேர்ந்தது.

"இந்த ஊருதாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண், வேறு யாரோ டப்பிங் பேசிய குரலில்.

 பெட்ஷீட்டைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "அட, நம்ம பாக்கியக்கா" என்றார். அதற்குப் பிறகு வசனம் எதுவும் கேட்கவில்லை. விசில், கைதட்டல், யாரோ பெஞ்சில் அடித்த தாளம். ஃபிலிம் கிழியாமல் ஓடி முடிந்தது.  கீழே இறங்கும்போது நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு ஹாஜியார் சொன்னார்.

விளக்குப் போட்டதும் அஞ்சலை எழுந்தார். "தங்கச்சி, நீங்க நேத்து இவ வீட்டுல ரொட்டி தின்னீங்க. கம்ப்யூட்டர்ல இவளப் போட்டுட்டீங்க."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் அப்படிப் போட முடியும் என்பது உண்மைதான், அதுதான் சங்கடம். நான் ரீலை எடுத்துவந்து விளக்குக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியை அஞ்சலையிடம் கொடுத்தேன். இது இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாத ஃபிலிம் என்று ஹாஜியார் சாட்சி சொன்னார். அஞ்சலை ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"இது இவ இல்ல. இவ்வளவு ஒல்லியா இவ என்னிக்கு இருந்தா?"

நெருக்கின படத்தை லென்ஸ் விரிப்பதை நான் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் பியதாச தகரத்தோடு முன்னால் வந்தார். பாக்கியத்தின் முன்னால் நின்று அதை நீட்டினார்.

"தாயே, தங்களை வெட்டியவன் நான்தான். தண்டனை எனக்கே உரியது."

பாக்கியம் அந்தத் துண்டை வாங்கி, ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தார். பிறகு அஞ்சலையின் கையில் கொடுத்தார். அஞ்சலையும் பார்த்தார். ஓட்டைக்குள் திரை இருந்தது, வாளி இல்லை. தலையை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தகரத்தை இறக்கிவிட்டு, பாக்கியத்தைப் பார்க்காமல், "அந்தப் பல்லு இவளோடதுதான்" என்றார். முப்பது வருஷம் அதோடு முடிந்தது. அடுத்த மூச்சில், "ஆனா தாவணி மஞ்ச இல்ல. அது எங்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போனது. ஆரஞ்சு" என்றார்.

"மஞ்ச."

"எந்தாவணி எனக்குத் தெரியாதா?"

இன்னொரு தடவை போடச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் ஆசைதான். முடியாது என்றேன். ஒரு தடவை மீறியதே அதிகம். பாக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் கையை வீசினார்.

"பரவால்ல புள்ள. நான் இன்னும் பாக்கவே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் படத்தப் பாக்கல. மதினி மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு வாசலில் கட்டுச்சோறு பிரிந்தது. புளிச்சோறு, அவித்த முட்டை, யாருடைய டப்பாவிலிருந்தோ ரொட்டி. பியதாசவுக்குத் தண்டனையாக மூன்று உருண்டை சம்பல் கொடுத்தார்கள். அவர் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார். திங்கள் காலை சாவடியில் அதே சிப்பாய் டப்பாவைத் திறந்து பார்த்து, நோயாளி இதுதானா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். பத்திரமாக மூடித் தந்தார்.

இப்போதைய நிலவரம்:

ரீல் ஒன்பது ஸ்கேன் ஆகி, பிரதி பதுளைக்குத் திரும்பிவிட்டது. படம் முழு அகலத்தில் வெளிவந்துவிட்டது. கறுப்புப் பட்டை பற்றி முதலாளிக்குப் போன் வருகிறது. அவர் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறார். தாவணியின் நிறத்தை மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் திருப்தியில்லை என்று கடிதம் வந்தது. தோட்டத்தில் ப்ளூ-ரே பிளேயர் கிடையாது, அதனால் ஒரு டி.வி.டி. தனியாகப் போட்டு அனுப்பினேன். பெரட்டில் பெயர் இன்னும் சினிமா பாக்கியம்தான், யாரும் சிரிப்பதில்லை.

அவர்கள் வீட்டில் இருப்பது பதினான்கு அங்குல டி.வி. அதில் படம் ஒரு பட்டையாகத் தெரிகிறது, பாக்கியம் நகத்தளவு. மேலயும் கீழயும் கறுப்பா இருக்கே என்று அஞ்சலை ஒரு நாள் ரிமோட்டில் ஜூமை அழுத்த, திரை நிரம்பியது, பாக்கியம் காணாமல் போய்விட்டார். இப்போது அந்தப் பட்டனின் மேல் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது.